ஒன்பதாம் பாரம்

‘கரும்பாறைக் கோட்டை’ நாவலின் ஐந்து பாகங்களும் லட்சக்கணக்கில் விற்றுவிட்டன என்று மதுரை முழுக்கப் பேனர் கட்டியிருந்தார்கள். வாங்கியவர்களில் வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கும் அவசியம் எழுதியவருக்கு வரவில்லை, விற்றவருக்கும் வரவில்லை. சமயநல்லூர் ஒச்சாயிக்குத்தான் வந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒச்சாயி நாகமலைக்கு மேற்கே ஒரு ஊரில் பிறந்தவள். பருத்தி எடுத்தாள், களை பறித்தாள், முத்திருளனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் மேலூர்ப் பக்கம் கல்குவாரி வேலைக்குப் போனார்கள். அங்கே ஒருநாள் கல் சரிந்து முத்திருளனின் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் முடித்துவைத்தது. குவாரிக்காரன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தான், அதோடு சரி. பிள்ளைகுட்டியும் கிடையாது. அண்ணன் முறையாகும் விருமாண்டிதான், சமயநல்லூரில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தவர், ஒரு வழி சொன்னார்.

“பட்டறைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு கெடக்கு. கழிவுத்தாளு போட்டு வச்சிருக்கேன். அத ஒதுக்கிட்டு இருந்துக்கங்க. நீ வேலையப் பாரு, அவன் கெடக்கட்டும்” என்றார்.

அப்படித்தான் கிடந்தான் முத்திருளன். கயிற்றுக் கட்டிலில் அவன் உடம்பில் வேலை செய்வது வாய் ஒன்றுதான். அதை வைத்து அவளைத் திட்டுவான், பட்டறையில் யார் பேசினாலும் உள்ளேயிருந்து ‘யாரு, யாரு’ என்று கேட்பான். மழைக்கு ஒழுகுகிற தகரக் கூரைதான். ஆனாலும் அந்தக் கூரை போனால் கட்டிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஒச்சாயிக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையில் இருந்த ஒரே பயம் அது. அந்தப் பயம் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவளுடைய கெட்ட நேரம்.

பட்டறையில் அவள் வேலை பாரம் அடுக்குவது. அச்சகத்திலிருந்து பெரிய தாள்கள் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து வரும். அப்படி வருகிற ஒரு மடிப்புக்குப் பாரம் என்று பெயர். முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று மேசையைச் சுற்றிக் குவியல் குவியலாக வைத்துவிட்டு, பெண்கள் வரிசையாக நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் ஒரு புத்தகம் சேர்ந்துவிடும். சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வாசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். முதல் பாரத்தில் உச்சியில், அடுத்ததில் சற்றுக் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. அடுக்கி முடித்து முதுகைப் பார்த்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி பிசகினால் ஒச்சாயி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மேசையில் குவியல் போடுகிற பொறுப்பை விருமாண்டி அவளிடம் விட்டிருந்ததும் அதனால்தான்.

அவளுக்கு அதில் பெருமை உண்டு. பஸ்ஸில் யார் மடியிலாவது ‘கரும்பாறைக் கோட்டை’ பெட்டியைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க மாட்டாள். “இது எங்க பட்டறைல கெட்டுனது. நான் அடுக்குனது” என்பாள். கேட்டவர்கள் ‘அப்படியாத்தா’ என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். உலகமே வாசிக்கிற புத்தகம் தன் கையிலிருந்து போகிறது என்று அவள் நம்பினாள். மற்றவர்களும் அதைத்தான் நம்பினார்கள், அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பெட்டி விற்றதற்குக் காரணம் கல்யாணங்கள். யாரோ ஒரு பெரிய மனிதர் தன் மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் முதல் ஐந்து பாகங்களைத் தங்க எழுத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சுவர்க்கடிகாரத்துக்கும் எவர்சில்வர் டப்பாவுக்கும் மதிப்பு போயிற்று. புதுவீடு புகுந்தால் அந்தப் பெட்டி, காதுகுத்துக்கு அந்தப் பெட்டி. ஆவணி முகூர்த்தத்துக்கு மட்டும் நாலாயிரம் பெட்டி வேண்டும் என்று பதிப்பகம் விருமாண்டியை விரட்டியது.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. நாலாம் பாகம் மறுபதிப்புக்கு வந்திருந்த அதே நேரத்தில், இன்னும் வெளிவராத ஆறாம் பாகத்தின் பாரங்களும் பட்டறைக்கு வந்து இறங்கின. டெம்போவிலிருந்து கட்டுகளை இறக்கியவன் செல்வக்குமார். விருமாண்டியின் மனைவிக்குத் தம்பி, பட்டறைக்கு மேஸ்திரி. நாலாம் பாகத்தின் ஒன்பதாம் பாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறாம் பாகத்தின் ஒன்பதாம் பாரத்தை இறக்கிவிட்டு, செல்போனில் பேசியபடி போய்விட்டான். ஒச்சாயி கட்டைப் பிரித்து மேசையில் போட்டாள். ஒன்பதுக்கு ஒன்பது என்பதால் முதுகில் கறுப்புக் கோடு சரியான இடத்தில் இருந்தது, படிக்கட்டு அழகாக இறங்கியது. இரண்டும் ஒன்பதாம் பாரம் என்பதால் பக்க எண்களும் பிசகாமல் ஓடின. கதை மட்டும்தான் மாறியிருந்தது. கதையைப் பார்க்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை.

நாலாயிரம் பெட்டியும் லாரி ஏறிப்போன பிறகு, ஆறாம் பாகத்தை அடுக்க உட்கார்ந்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அது புதுப் புத்தகம், முதல் பிரதி எழுதியவர் கைக்குப் போக வேண்டியது என்பதால் விருமாண்டி ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆறாம் பாகத்தின் ஒன்பதாம் பாரம் நாலாம் பாகத்துக்குள் போயிருந்தது. அங்கே எட்டாம் பாரத்தில் தளபதி இளவழுதி பரிசலில் ஏறி அல்லியைப் பெண் கேட்கப் புறப்படுகிறான். ஒன்பதாம் பாரத்தில் அவனுக்குச் சிதை மூட்டுகிறார்கள். பத்தாம் பாரத்தில் அவனே மாப்பிள்ளைக் கோலத்தில் அல்லி வீட்டு வாசலில் இறங்கிச் சிரிக்கிறான்.

“யாரு மேசை போட்டது?” என்று விருமாண்டி கத்தினார்.

“ஒச்சாயி அக்காதேன் மச்சான்” என்றான் செல்வக்குமார், கண் இமைக்காமல்.

கட்டை இறக்கியது அவன் என்று சொல்ல ஒச்சாயிக்கு வாய் வந்தது. முதலாளி வீட்டு மச்சினன் பேச்சுக்கும் கழிவுத்தாள் அறையில் இருக்கிறவள் பேச்சுக்கும் எது எடை அதிகம் என்று தெரிந்ததால் வந்த வாய் திரும்பிப் போயிற்று.

விருமாண்டிக்குக் கோபம் ஆறியதும் கணக்குப் பிறந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டே போட்டார்.

“நாலாயிரம் பெட்டி போயிருக்கு மாப்ள. பாதிக்கு மேல கல்யாண வீட்டுக்கு. வாங்குனவன் பிரிப்பானா?”

“எங்க பிரிக்க? கண்ணாடித்தாளு கசங்காம அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிட்ருவான்.”

“பிரிச்சவன்ல பாதிப்பேரு படத்தப் பாத்துட்டு மூடிருவான். மிச்சப்பேரு மொதப் பாகத்துலயே ஒறங்கிருவான். நாலாம் பாகத்துக்கு எத்தன பேரு வருவான்?”

“ஒரு அம்பது பேரு?”

“அதுல ஒம்பதாம் பாரம் வரைக்கும்?”

“இருவது.”

“அதுல முழிச்சுக்கிட்டு வாசிக்கிறவன்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மேசையோரம் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் விருமாண்டி ஒச்சாயியைப் பார்த்தார்.

“ஆறாம் பாகத்துக்கு ஒம்பதாம் பாரத்த நான் எங்கைக்காசப் போட்டு யாருக்கும் தெரியாம அடிச்சு வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒரே ஒருத்தன், ஒரே ஒருத்தன் இந்த வாசல்ல வந்து நின்டான்னாலும் எம் மானம் போச்சு. அன்னைக்கே நீயும் ஒம் புருசனும் ரூம்பக் காலி பண்ணிரணும்.”

மீந்துபோன நாலாம் பாகத்து ஒன்பதாம் பாரங்களைக் கொட்டகை மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினான் செல்வக்குமார். எடைக்குப் போட வேண்டியதுதானே என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

அன்று சாயங்காலம் கண்மாய்க் கரைக் கருப்பு கோயிலுக்குப் போய் நின்றாள். “கருப்பா, அந்தப் புத்தகத்த ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. வாசிச்சவுகன்னு ஊர் ஒலகத்துல ஒரு ஆளு இருக்கக் கூடாது. ஒனக்குச் சேவல் அறுக்குறேன்” என்று நேர்ந்துகொண்டாள். ஒரு புத்தகத்துக்கு எதிராக அந்தச் சாமியிடம் வந்த முதல் வேண்டுதல் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு விசாரிக்கத் தொடங்கினாள். டீக்கடைப் பேயாண்டி வீட்டில் பெட்டி ஃபிரிட்ஜின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது அவளுக்கு. பள்ளிக்கூடத்து சுபலட்சுமி டீச்சர் வீட்டு ஷோகேஸில் பெட்டி கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி நின்றது. ஒச்சாயி வாசலிலேயே நின்று கேட்டாள்.

“டீச்சரு, எந்தப் பாகம் வரைக்கும் வாசிச்சீக?”

“பிரமாதமான கதை ஒச்சாயி. அந்தக் கோட்டை வர்ணனை இருக்கே!”

“எந்தப் பாகத்துல இருக்கீகன்னு கேட்டேன்.”

“முழுசும் வாசிச்சாத்தானா? நமக்குத் தெரிஞ்ச கதைதான” என்றார் டீச்சர். ஷோகேஸ் சாவி எங்கோ தொலைந்துபோய் வருசமாகிறது என்று பிற்பாடு அவரே சொன்னார். கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்கடியில் விட்டுப்போன பெட்டிகள் பிரிக்காமலே குப்பையோரம் கிடந்ததையும் ஒச்சாயி போய்ப் பார்த்தாள். கேட்ட இடமெல்லாம் வாசித்தோம் என்றார்கள், ஒரு இடத்திலும் பிரித்திருக்கவில்லை. பஸ்ஸில் பெட்டியைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் இப்போது மனிதர்கள் வாசிக்காததைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். அவள் கையால் செய்த ஒரே பெரிய காரியம் குப்பையில் கிடப்பதைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். இந்த உலகம் ஏழையை ஆக்கி வைக்கிற கோலம் இது.

செல்வக்குமார் அந்தப் பயத்தை வீணாக்கவில்லை. வாசலில் பைக் நின்றால் “அக்கா, பெட்டியோட ஒருத்தன் வாரான்” என்பான். அவள் ஊசியைப் போட்டுவிட்டு எழுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சும்மாக்கா. அந்த நூறு புத்தகத்தையும் முடிச்சுட்டுப் படுங்க” என்பான். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கேட்பதை அவள் விட்டாள். தையல், பசை, கூட்டுவது, பெருக்குவது எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. செய்து முடித்தாள்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, யாரும் வரவில்லை. தை மாதத்தில் ஒரு கரண்ட் இல்லாத மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் வந்தார்.

வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி. வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பைக்குள்ளிருந்து நாலாம் பாகத்தை எடுத்தபோதே ஒச்சாயி வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“இதக் கெட்டுனது இங்கதானாம்மா? பெட்டிக்கு அடியில ஒங்க பட்டற பேரு ஒட்டியிருக்கு” என்றார். “நான் சுலைமான். டவுன்ல பள்ளிவாசலத் தாண்டுனதும் குடை, ஜிப்பு ரிப்பேர் பண்ற கடை. வீடு வில்லாபுரம். எங்க மச்சினி மக கல்யாணத்துல இந்தப் பெட்டியக் குடுத்தாக. கடைல ஒக்காந்து ஒவ்வொரு பாகமா வாசிச்சுட்டு வாரேன்.”

“என்ன வேணும் பாய்?”

“திருப்பிக் குடுக்க வரலம்மா. சண்டைக்கும் வரல.” அவர் பக்கத்தைப் பிரித்தார். ஒரு துண்டுச் சீட்டு அடையாளம் வைத்திருந்தார். “இதுல தளபதி மௌத்தாப் போறாரு. கொள்ளி வைக்கிறாக. இங்கன பாருங்க, அடுத்த பக்கத்துல மாப்பிள்ளையா வந்து எறங்குறாரு. மௌத்தாப் போனவரு எப்படிம்மா எந்திரிச்சு வருவாரு?”

ஒச்சாயி புத்தகத்தைப் பார்த்தாள். கறுப்பு எறும்பு ஊர்கிற தாள்.

“வீட்டுல கேட்டேன்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “எம் மகன் பக்க நம்பரப் பாத்தான். எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஒங்களுக்குத்தான் மறதிங்கறான். புத்தகக் கடையிலயும் அதத்தேன் சொன்னாக. எங்க அத்தா கடேசிக் காலத்துல பெத்த பிள்ளைக பேரக் கூட மறந்துட்டாரும்மா. எனக்கும் அது வந்திருச்சுன்னு எம் பொஞ்சாதி ஜஸீலா அழுகுறா. ஒருநாள் கடைச் சாவிய வச்ச எடம் மறந்துட்டேன், அதுலருந்து எல்லாருக்கும் சந்தேகம். எனக்கே இப்பச் சந்தேகம். நீங்க பாத்து, இது கெட்டுனதுல வந்த கோளாறுன்னு ஒரு வார்த்த சொன்னீகன்னா போதும். மகன்கிட்டப் போன்ல சொல்லிருங்க. விட்டுப்போன அந்தப் பக்கம் கெடைச்சா அல்லா ஒங்களுக்கு நன்ம தருவான், கெடைக்கலன்னாலும் பரவால்ல.”

விட்டுப்போன பக்கம் பத்தடி தூரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. ஒன்று உருவிக் கொடுத்தால் தீர்ந்தது. நாலாயிரம் பெட்டியில் வாசித்தவர் இவர் ஒருத்தர்தான், இவர் வாயைத் திறந்தால் அவள் கூரை போகும். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. “யாருடி அது?” என்றான் முத்திருளன்.

ஒச்சாயி புத்தகத்தைக் கையில் வாங்கினாள். விருமாண்டி செய்வதைப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி வரிக்கு அடியில் விரலை ஓட்டினாள். உதட்டை அசைத்தாள். ஒரு பக்கம் திருப்பினாள், மறுபடி முன்னால் வந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

“சரியாத்தேன் இருக்கு பாய்” என்றாள்.

“சரியா இருக்கா?”

“எழுதுனவுக அப்படித்தேன் எழுதிருக்காக. நானும் வாசிச்சிருக்கேன். ஒங்களுக்குத்தேன் புரியல. எல்லாரும் வாசிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்றாக. யாரும் இப்படிக் கேட்டு வரலயே.”

அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொட்டகையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். தார்ப்பாயையும் பார்த்தார்.

“யாருமே வரலயா?”

“ஒருத்தர் கூட வரல.”

“அப்ப எனக்குத்தேன்” என்றார். புத்தகத்தை மஞ்சப்பைக்குள் வைக்க அவருக்கு ரெண்டு மூன்று தடவை ஆயிற்று. “தொந்தரவு குடுத்துட்டேன். வாரேம்மா.” வாசல் வரை போனவர் திரும்பி, பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். வந்த வழிதான். அதையும் மறந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஒச்சாயி கையைக் காட்டினாள்.

“யாருடி வந்தது?” என்றான் முத்திருளன்.

“வழி கேட்டு வந்தவரு” என்றாள்.

அன்று ராத்திரிக் கஞ்சி அவளுக்கு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. பத்து நாளில் அவளே தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்: பாய்க்குக் கடை இருக்கிறது, மகன் இருக்கிறான், வீடு இருக்கிறது; ஒரு கதை புரியாவிட்டால் குடியா முழுகிவிடும்?

பங்குனியில் ஆறாம் பாகம் பெட்டி கட்டி முடித்த அன்று விருமாண்டி நல்ல மனநிலையில் இருந்தார். மூலையைக் காட்டி, “அந்தத் தார்ப்பாயக் கழட்டி எல்லாத்தையும் எடைக்குப் போட்ரு மாப்ள. ஒரு பய வரல” என்றார்.

“வரவே மாட்டான்னு அப்பவே சொன்னேன்ல” என்றான் செல்வக்குமார்.

பசை கலக்கிக்கொண்டிருந்த ஒச்சாயி நிமிர்ந்தாள். “இத எதுக்கு அண்ணே இம்புட்டு நாளு வச்சிருந்தீக?”

விருமாண்டி சிரித்தார். “பதிப்பகத்துல சொல்லித்தேன் வச்சிருந்தேன். ஆறாம் பாகத்துக்கு மறுபடி அடிக்கணும்னா அவுகளுக்குத் தெரியாம முடியுமா? அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன். அவுக விழுந்து விழுந்து சிரிக்கிறாக. ‘அண்ணாச்சி, நாலாம் பாகம் வரைக்கும் எவன் வாசிக்கப் போறான், விடுங்க. அப்படி எவனாச்சும் வந்தான்னா அந்தப் பாரத்தக் கையில குடுத்து, ஒரு ஆறாம் பாகமும் சும்மா குடுத்து, கும்பிட்டு அனுப்புங்க’ன்னாக. கும்பிட ஒரு ஆளு வரல பாரு.”

“அப்ப… ரூம்பக் காலி பண்ணணும்னு சொன்னது?”

“அது செல்வக்குமாரு யோசனை” என்றார் விருமாண்டி, தமாஷ் சொல்கிற மாதிரி.

“பயம் இருந்தாத்தேன் அக்காவுக்குக் கை ஓடும்” என்றான் செல்வக்குமார். “இந்த ஆறு மாசமா எம்புட்டு வேல முடிஞ்சிருக்கு பாத்தீகள்ல?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒச்சாயியும் சிரிக்க வேண்டியிருந்தது, சிரித்தாள். எடைக்காரன் மூட்டை கட்டும்போது ஒரு பாரத்தை மட்டும் உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். முதுகில் ஒன்பதாம் படியில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

மறு ஞாயிறு விடுப்புச் சொல்லாமலே பஸ் ஏறினாள். பள்ளிவாசலைத் தாண்டி விசாரித்தாள். கடை இருந்தது. குடையும் ஜிப்பும் தொங்கிய இடத்தில் செல்போன் உறைகள் கலர் கலராகத் தொங்கின. கல்லாவில் ஒரு வாலிபன்; அவன்தான் மகன் முகமது ஆசிப். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் சுலைமான் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கண்ணில் வெளிச்சம் குறைந்திருந்தது.

“பாயப் பாக்க வந்தேன். பைண்டிங் பட்டறையில இருந்து” என்றாள்.

ஆசிப் மரியாதையாக எழுந்தான். “நீங்கதானாம்மா அது? அத்தா சொன்னாரு. ஒங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும். அதுவரைக்கும் நாங்க எம்புட்டுச் சொல்லியும் டாக்டர்கிட்ட வர மாட்டேன்னாரு. ஒங்ககிட்ட வந்துட்டுப் போன அன்னைக்குத்தான், ‘கெட்டுன எடத்துலயே கேட்டுட்டேன், புத்தகத்துல தப்பு இல்லயாம், எனக்குத்தான் கோளாறு, கூட்டிட்டுப் போ’ன்னு அவரே சொன்னாரு. இப்ப மாத்திரை குடுத்திருக்காக. நல்லா ஒறங்குறாரு. முந்தி மாதிரி அதே கேள்வியக் கேட்டு உசுர எடுக்குறதில்ல.”

ஒச்சாயி முந்தானையிலிருந்து பாரத்தை எடுத்தாள். “தம்பி, நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். ஒங்க அத்தாவுக்கு ஒண்ணுமில்ல. புத்தகந்தேன் தப்பு. இதுதேன் அதுல வர வேண்டிய பக்கம். அவரு புத்தகத்த எடுங்க, வச்சுப் பாருங்க.”

“புத்தகமா? அத அன்னைக்கே எடைக்குப் போட்டாச்சும்மா. கண்ணுல பட்டா மறுபடி ஆரம்பிச்சிருவாருன்னு அம்மா போடச் சொல்லிட்டாக.” ஆசிப் தாளை வாங்கிப் புரட்டினான். “இதுதான் அந்தப் பக்கம்னு எப்படிச் சொல்றீக? வாசிச்சுப் பாத்தீகளா?”

“எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. முதுகுல கோடு இருக்கு பாருங்க, ஒம்பதாவது…”

“வாசிக்கத் தெரியாதா?” அவன் முகம் மாறியது. “அன்னைக்கு வாசிச்சுப் பாத்துட்டுச் சொன்னீகன்னு அத்தா சொன்னாரே.”

“வாசிக்கிற மாதிரி பாத்தேன்.”

ஆசிப் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் புடவையை, கையில் ஒட்டியிருந்த பசையை, கண்ணில் வழிந்ததை. இரக்கம் வந்துவிட்டது அவனுக்கு, கோபம் வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. “சரிம்மா. மனசு கேக்காம வந்திருக்கீக. எங்க அத்தாவ நாங்க பாத்துக்கிறோம். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக” என்றான்.

அவள் கேட்கவில்லை. அவன் கையிலிருந்து பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் சுலைமானின் மடியில் வைத்தாள். “பாய், நீங்க சொன்னதுதேன் சரி. நீங்க ஒருத்தருதேன் சரியா வாசிச்சீக. நாலாயிரம் பேருக்கு நீங்க ஒருத்தருதேன். வாசிங்க பாய்.”

சுலைமான் தாளைத் தூக்கிக் கண்ணருகே வைத்தார். முதல் வரியில் விரலை வைத்தார். விரல் வரியின் கடைசிக்குப் போய், திரும்பி அதே வரிக்கு வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி அதே வரிக்கு வந்தது. ஒச்சாயி அந்த விரலையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, வாடிக்கைக்காரரிடம் சிரிக்கிற மாதிரி சிரித்தார்.

“நல்லா எழுதிருக்காக. யாரு எழுதுனது?” என்றார்.

தாளை நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்க்கத் தொடங்கினார். ஆசிப் ஒச்சாயிக்கு ஒரு டீ சொன்னான். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினான். குடித்துவிட்டுப் போனாள்.

பட்டறையில் அவள் ஞாயிறு வராததற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. புதுப் பெட்டிக்கு ஆர்டர் குவிந்திருந்த சந்தோசம். விருமாண்டிதான் ஞாபகப்படுத்தினார். “ஏத்தா, கருப்புக்கு என்னமோ நேந்துக்கிட்டேன்னு சொன்னியே. கேட்டது கெடைச்சிருச்சுல்ல? சாமி காரியத்தப் பாக்கி வைக்காத. பட்டறைக்கு ஆகாது.” சேவலை அவரே வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சேவலை இடுக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனாள். பூசாரி வேல்கம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சேவலின் காலை வாங்கிப் பிடித்தபடி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“நேந்தது நெறவேறிருச்சா தாயி?”

“நெறவேறிருச்சு சாமி” என்றாள் ஒச்சாயி. “வாசிச்சவரு ஒருத்தரு இருந்தாரு. இப்ப அவரும் இல்ல.”

பூசாரிக்குப் புரியவில்லை. கத்தியைத் தீட்டினார்.